சொல்லிழந்தார் சொன்ன சொற்கள்

நாம் பேசும் பேச்சு ஒன்றா, இரண்டா? கேட்ட மாத்திரத்தில் இவ்வினா நகைப்பை விளைவிக்கலாம். வாய் ஒன்று, நா ஒன்று. பேச்சு மட்டும் எங்ஙனம் இரண்டாகும்? ஆயினும், நடந்து செல்லும்போது கால் இடறினால் 'ஐயோ' என்கிறோம். அச்சொல்லை எவரும் தேடி எடுப்பதில்லை. அது தானே புறப்பட்டு வருகிறது. 'நாளைக் காலை ஏழு மணிக்கு வண்டி புறப்படும்' என்று ஒருவருக்கு அறிவிக்க வேண்டுமாயின் நிலைமை வேறு. சொல்லைத் தெரிந்து, முன்பின் வைத்து, வேற்றுமையும் காலமும் பொருந்தக் கோத்துத் தரவேண்டியிருக்கிறது. இவ்விரு வகைப் பேச்சும் மூளையின் ஒரே இடத்தில் பிறக்கின்றனவா என்பதே வினா. இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன். அறிஞர்களின் வரலாறாக அது நூல்களில் எழுதப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால், அது பெரும்பாலும் நோயாளிகளின் வரலாறு என்பேன்.

1745 ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் ஓலோஃப் தாலின் ஒரு செய்தியைக் குறித்து வைத்தார். குடியானவர் ஒருவரின் மகன் கடும் நோயுற்று, வலப்பக்க உடல் செயலிழந்து, பேச்சையும் இழந்தான். 'ஆம்' என்ற சொல்லுக்கு மேல் அவனால் ஒன்றும் பேச இயலவில்லை. ஆனால் நோய்வாய்ப்படுமுன் அவன் கற்றிருந்த தோத்திரப் பாடல்களை வேறொருவர் தொடங்கிக் கொடுத்தால், சொற்கள் சிதையாமல் உடன் பாடினான். பேச முடியாதவன் பாடியது எவ்வாறு என்பதை அந்நாளில் விளக்க வல்லார் எவரும் இல்லை. மூளையின் பகுதிகள் வெவ்வேறு தொழில் செய்கின்றன என்ற எண்ணம் அப்பொழுது வேரூன்றவில்லை.

அவ்வெண்ணம் வலுப்பெற்ற இடம் பாரிஸ் மாநகர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கால் என்ற மருத்துவர், மனத்தின் ஒவ்வோர் ஆற்றலுக்கும் மூளையில் தனித்தனி இடம் உண்டு என்றும், மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்தே ஒருவரின் குணங்களை அறியலாம் என்றும் கூறிவந்தார். மண்டையைத் தடவிக் குணம் சொல்வது நகைப்புக்கிடமாகி மறைந்தது. ஆனால் இடம் உண்டு என்ற கருத்து மட்டும் மறையவில்லை. பூய்யோ என்ற பேர்பெற்ற மருத்துவர், பேச்சு மூளையின் முன்மடல்களில் உறைகிறது என்று 1825 முதல் வாதாடி வந்தார். 1848 இல் அவர் பந்தயமே கட்டினார். முன்மடல்கள் பெரிதும் அழிந்தும் பேச்சு கெடாத ஒருவரைக் காட்டுவோர்க்கு ஐந்நூறு பிராங்கு தருவதாக அறிவித்தார்! அறிவியல் வாதத்தில் பணம் வைத்து ஆடுவது அழகன்று என்று நாம் எண்ணலாம். அக்காலத்து வாதத்தின் சூடு அத்தகையது.

1861 இல் இவ்வாதம் பாரிஸ் மானிடவியற் கழகத்தில் மீண்டும் மூண்டது. கழகத்தை 1859 இல் தோற்றுவித்தவர் பால் பிரோக்கா என்னும் அறுவை மருத்துவர். பாரிசுக்குத் தெற்கேயுள்ள பிசேத்ர் மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். முதியோரும் தீராநோயாளரும் மனநோயுற்றோரும் வாழ்நாள் முழுதும் தங்கிவிடும் பெரிய இடம் அது. கழகத்தில் பூய்யோவின் கட்சியைப் பேசியவர் அவருடைய மருமகனான ஒபுர்த்தன். வாதம் நடந்துகொண்டிருந்த அந்த ஏப்ரல் மாதத்திலேயே, காலில் கடும் அழற்சி கண்ட ஒரு நோயாளி பிரோக்காவின் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்டார்.

அவர் பெயர் லெபோர்ன். மருத்துவமனையில் அப்பெயரால் அவரை எவரும் அழைப்பதில்லை. எது கேட்டாலும் 'தன், தன்' என்று ஈரசையாகவே விடை சொல்வார். ஆகவே 'தன்' என்பதே அவருக்குப் பெயராகிவிட்டது. இளமை முதல் வலிப்பு நோய் உடையவர். செருப்புத் தைப்போர்க்கு வேண்டிய மர அச்சுகளைச் செய்து பிழைத்தவர். முப்பதாவது வயதளவில் பேச்சு நின்றுபோக, பிசேத்ருக்கு வந்தார். பத்தாண்டு கழித்து வலக்கை வலுவிழந்தது. பின்னர் வலக்காலும் விழுந்தது. ஆண்டுக்கணக்கில் படுக்கையே கதியாயிற்று. ஆனால் சொன்னதெல்லாம் அவருக்கு விளங்கிற்று. உடனிருந்த நோயாளிகள் அவரைத் தன்னலக்காரர், பழிவாங்குபவர் என்று வெறுத்தனர். தம் கருத்தைப் பிறர் உணராதபோது சினம் மூளும். அப்பொழுது மட்டும் அவர் வாயிலிருந்து 'தன்' அல்லாத வேறொன்று புறப்படும். கடவுளின் பெயரை இழுத்துச் சொல்லும் ஒரு வசைச்சொல் அது.

பிரோக்கா அவரைச் சோதித்த முறையை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. 'பிசேத்ருக்கு வந்து எத்தனை ஆண்டாயிற்று?' என்று கேட்டார். லெபோர்ன் இடக்கையை நான்குமுறை விரித்துக் காட்டி, பின் ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று என்பது பொருள். கணக்கு மிகச் சரி. மறுநாளும் அதே வினா, அதே விடை. மூன்றாம் முறையும் அதையே கேட்கப் போனபோது, இவர் தம்மை வைத்துப் பயிற்சி செய்கிறார் என்பதை லெபோர்ன் உணர்ந்துகொண்டார். சினம் பொங்கிற்று, அந்த வசைமொழி தெளிவாக ஒலித்தது. தம் செவியால் அதனைக் கேட்டது அந்த ஒரே முறைதான் என்று பிரோக்கா எழுதியிருக்கிறார்.

சில நாட்களில், 1861 ஏப்ரல் 17 ஆம் நாள், லெபோர்ன் காலமானார், வயது ஐம்பத்தொன்று. மறுநாளே பிரோக்கா அவருடைய மூளையைக் கழகத்தாருக்குக் காட்டினார். இடப்பக்க முன்மடலில், ஒரு கோழிமுட்டை அடங்கும் அளவில் குழிவு விழுந்திருந்தது. பேச்சுக்குரிய இடம் அகப்பட்டது என்று அறிவுலகம் கொண்டாடியது. அப்பகுதி இன்றும் 'பிரோக்கா பகுதி' என்றே பாடநூல்களில் வழங்குகிறது.

அவ்வாண்டின் இறுதியில் லெலோங் என்ற எண்பத்துநான்கு வயது முதியவர், தொடை எலும்பு முறிந்து அதே மருத்துவர் கைக்கு வந்தார். மண் வெட்டும் வேலை செய்தவர் அவர். பேச்சு நின்றபின் அவரிடம் எஞ்சியவை ஐந்தே சொற்கள். ஆம், இல்லை என்பன இரண்டு. 'எப்பொழுதும்' என்பது மூன்றாவது. 'மூன்று' என்பதன் சிதைவு ஒன்று. எந்த எண்ணுக்கும் அவர் அதனையே சொல்லி, உரிய எண்ணிக்கையை விரலால் திருத்திக் காட்டுவார். ஐந்தாவது 'லெலோ' என்பது. அது அவருடைய சொந்தப் பெயர். தொழில் யாது என்று கேட்டதற்கு, மண்வெட்டியைப் பற்றி மண்ணில் இறக்கி வாரி எறிவதுபோல் கைகளால் நடித்துக் காட்டினார். அவருடைய மூளையிலும் சேதம் ஏறக்குறைய அதே இடத்தில்தான் இருந்தது. 1865 இல் பிரோக்கா, நாம் பேசுவது மூளையின் இடப்பாதியைக் கொண்டே என்று துணிந்து எழுதினார். மார்க் தாக்ஸ் என்ற நாட்டுப்புற மருத்துவர் 1836 இலேயே இதைக் கண்டு குறிப்பு எழுதி வைத்திருந்தார் என்பதும், அவர் மகன் அதனை 1865 இல்தான் அச்சேற்றினார் என்பதும் வேறொரு கதை.

இங்கே நான் சற்று நிற்க விரும்புகிறேன். பேச்சின் இடம் அழிந்தது. ஆகவே பேச்சு அழிந்தது என்பது முடிவு. அப்படியாயின் லெபோர்னின் வசைமொழி எங்கிருந்து வந்தது? குழிவிழுந்த இடத்திலிருந்து வந்திருக்க முடியாது. லெலோங்கிடம் உலகத்துச் சொற்களெல்லாம் போய்த் தன் பெயர் மட்டும் எதற்காகத் தங்கிற்று? பிரோக்கா இவற்றை மறைக்கவில்லை; நேர்மையாகவே எழுதி வைத்தார். ஆனால் இழந்தது எது என்பதிலேயே அவர் கருத்து ஊன்றியிருந்தது. எஞ்சியது எது என்று கேட்க மற்றொருவர் வரவேண்டியிருந்தது.

அம்மற்றொருவரைக் காணுமுன் ஒரு கவிஞரைக் காண்போம். பிரெஞ்சு மொழியின் பெருங்கவிஞர்களுள் ஒருவரான ஷார்ல் போதலேர், 1866 மார்ச்சில் பெல்ஜிய நாட்டு நமூர் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் தலைசுற்றி விழுந்தார். விரைவில் வலப்பக்கம் செயலிழந்தது, மொழியும் போயிற்று. சொல்லை எடைபோட்டு எடைபோட்டுக் கவி யாத்த அவர் நாவில் எஞ்சியது குறுக்கப்பட்ட ஒரு வசைமொழி. லெபோர்ன் சொன்னதன் உறவுதான் அதுவும்! மகிழ்ச்சியானாலும் மறுப்பானாலும் வேண்டுகோளானாலும் அந்த ஒன்றையே வெவ்வேறு குரலில் சொன்னார். அவரைப் பேணிய கன்னியர் மடத்துச் சகோதரிகள் அதைக் கேட்டு நடுங்கினர். தாயார் அவரை அங்கிருந்து அழைத்துச் சென்றார். 1867 ஆகஸ்டு 31 இல் பாரிசில் அவர் உயிர் நீத்தார். ஓராண்டுக்கு மேல் நீடித்த அவ்வாழ்வை எண்ணும்பொழுதெல்லாம், அந்த ஒற்றைச் சொல்லைத் திட்டு என்று கருத எனக்கு மனம் வருவதில்லை.

எஞ்சியதைப் பற்றிக் கேட்டவர் ஆங்கில நாட்டு மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன். 1835 இல் யார்க்ஷயரில் பிறந்த அவர், லண்டனில் வலிப்பு நோயாளரிடையேயும் பக்கவாத நோயாளரிடையேயும் தம் வாழ்நாளைக் கழித்தார். அமைதியானவர்; கூட்டத்தை விரும்பாதவர். அவர் எழுத்து கடினமானது. படிப்பவர் பொறுமையைச் சோதிப்பது. பேச்சிழந்த நோயாளிகளை ஊன்றிக் கவனித்த அவர் ஒரு விந்தையைக் கண்டார். சொல் என்றால் சொல்ல இயலாதவர், வலி வந்தால் கூவினார். கோபம் வந்தால் திட்டினார். விடைபெறுவோரிடம் 'போய்வருக' என்றார். மறுநொடியில் அதே சொல்லைச் சொல்லிக் காட்டும்படி கேட்டால் வாய் அசைந்ததேயன்றிச் சொல் பிறக்கவில்லை. ஒருமுறை பேச்சிழந்த தொழிலாளி ஒருவரிடம், அவருடைய கருவிகள் எங்கே உள்ளன என்று மகன் கேட்டபோது, 'முதலாளி வீட்டில்' என்ற பொருள்படும் ஒரே சொல்லைச் சட்டென்று சொன்னார் என்றும் ஜாக்சன் குறித்திருக்கிறார்.

இதிலிருந்து ஜாக்சன் பேச்சை இரண்டாகப் பிரித்தார். ஒரு செய்தியை உரைப்பதற்காகப் புதிதாகக் கட்டப்படும் பேச்சு ஒன்று. உணர்ச்சி பொங்கி வழிவதும், பழகிப் பழகிப் படிந்துபோனதுமான பேச்சு மற்றொன்று. வசை, வணக்கம், வழிபாட்டு வாசகம், எண் வரிசை ஆகியன இரண்டாவதன்பாற் படும். முன்னது இடப்பாதியின் தயவை நாடி நிற்பது. பின்னதற்கு வலப்பாதியே போதும் என்பது அவர் துணிபு. ஆகவே பேச்சிழந்தவர் சொல்லை இழக்கவில்லை என்றும், சொல்லைக் கொண்டு செய்தி உரைக்கும் ஆற்றலையே இழந்தார் என்றும் அவர் விளக்கினார். 1868 இல் நார்விச் நகரில் கூடிய பிரித்தானிய அறிவியல் சங்கத்தின் கூட்டத்தில் பிரோக்காவும் ஜாக்சனும் பேச்சைப் பற்றித் தத்தம் கருத்தை எடுத்துரைத்தனர். அன்று பலர் உள்ளத்தில் பதிந்தது பிரோக்காவின் தெளிவே.

ஜாக்சன் கண்டவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது மற்றொன்று. 'தன்' என்பது போல ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் நோயாளிகள் சிலர் உளர். ஒரு புகைவண்டிச் சைகையாளர், தம் சாவடிக்கு எதிரே தண்டவாளத்தின்மேல் நோய் தாக்கி விழுந்தவர், அதன்பின் 'என்னிடம் வா' என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். அரும்பாடுபட்டு ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த எழுத்தர் ஒருவருக்கு 'பட்டியல் முடிந்தது' என்பதே மிஞ்சியது. கைகலப்பில் தலையில் அடிபட்ட ஒருவருக்கு 'எனக்குப் பாதுகாப்பு வேண்டும்' என்பது மிஞ்சியது. நோய் தாக்கிய அக்கணத்தில் நாவின் நுனிக்கு வந்திருந்த சொல்லே அங்கு உறைந்து நின்றுவிட்டது என ஜாக்சன் கருதினார். எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. ஆயினும் இம்மூன்று தொடர்களையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, மனம் ஒரு கணம் அசைவற்று நிற்கிறது.

ஜாக்சனின் கருத்துக்கு வலுவான சான்று கிடைக்க ஒரு நூற்றாண்டு பிடித்தது. மூளையில் வளர்ந்த கழலைக்காக, நாற்பத்தேழு வயதான ஒருவரின் மூளையின் இடப்பாதி முழுவதையும் அறுவை மருத்துவர்கள் 1965 இல் அகற்ற நேர்ந்தது. ஆரன் ஸ்மித் என்ற உளவியலார் 1966 இல் அதை விரித்து எழுதினார். அறுவைக்குப்பின் அந்நோயாளி ஒரு வினாவுக்கு விடை சொல்ல முயல்வார், சொல் வாராது, திணறுவார், அத்திணறலின் உச்சியில் வசைமொழிகள் மட்டும் தெள்ளத் தெளிய வெளிவரும். இடப்பாதி இல்லவே இல்லை. ஆகவே அவை வலப்பக்கத்தினின்று வந்தன என்பதில் ஐயமில்லை. 1993 இல் இதற்கு நேர்மாறான நோயாளி ஒருவரைப் பற்றிய செய்தி வெளிவந்தது. அவருக்கு ஊறு நேர்ந்தது வலப்பக்கத்தின் அடிப்பகுதியில் உள்ள நரம்புத் திரள்களில். அவர் நன்றாகப் பேசினார், கருத்தோடு உரையாடினார். ஆனால் நாள்தோறும் ஓதிவந்த பிரார்த்தனையைச் சொல்ல இயலவில்லை. பழகிய பாட்டு வரவில்லை. வாய்நிறையத் திட்டவும் வரவில்லை. லெபோர்னுக்கு எது மிஞ்சியதோ, அதுவே இவருக்குப் போயிற்று.

பாடல் அழியாமல் நிற்கும் இவ்வியல்பை மருந்தாக்க முயன்றவரும் உண்டு. 1973 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள், பேச்சிழந்தோர்க்குச் சிறு தொடர்களை இராகமிட்டுச் சொல்லக் கற்பித்து, இடக்கையால் தாளமும் தட்டச் செய்து, படிப்படியாக இராகத்தை நீக்கிப் பேச்சாக்கும் முறையை வகுத்தனர். எல்லாரும் இதனால் பேசிவிடுவதில்லை, சிலருக்குக் கைகொடுத்திருக்கிறது.

இதுவரை சொல்லைப் பற்றிச் சொன்னேன். சொல்லை ஏந்திவரும் குரலும் உண்டன்றோ? 'வா' என்ற ஒரே சொல் அன்பாகவும் ஒலிக்கும், அதட்டலாகவும் ஒலிக்கும். இரண்டாம் உலகப் போரில் நார்வே நாடு ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த காலம். 1941 செப்டம்பரில் ஆஸ்லோ நகரின்மேல் நடந்த விமானத் தாக்குதலில், இளம்பெண் ஒருவரின் தலையின் இடப்புறத்தில் குண்டுச் சிதறல் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், மெல்ல மெல்லப் பேச்சும் திரும்பிற்று. ஆனால் அவர் பேசிய நார்வே மொழியின் ஏற்ற இறக்கம் மாறிவிட்டது. கேட்டவர் அவரை ஜெர்மானியப் பெண் என்று நினைத்தனர். பகைவர் ஆட்சியில் வெந்துகொண்டிருந்த ஊரில், கடைக்காரர்கள் அவருக்குப் பொருள் விற்கவும் மறுத்தனர். குண்டால் காயமுற்ற அவரை, அவருடைய குரலே தம் மக்களிடமிருந்து பிரித்துவிட்டது! மருத்துவர் மோன்ராட்-க்ரோன் 1947 இல் இதனை எழுதியபோது, பேச்சின் இசைக்கு மூளையில் தனி ஏற்பாடு உண்டு என்பதை அறிவுலகம் கவனிக்கத் தொடங்கிற்று.

1979 இல் ராஸ், மெசுலாம் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் இதற்கு மேலும் ஒளி தந்தனர். அவர்கள் கண்ட நோயாளிகளுள் ஒருவர் பள்ளி ஆசிரியை. மூளையின் வலப்பக்கத்தில் இரத்தவோட்டம் தடைப்பட்டு நோயுற்றவர். அவர் சொற்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குரலில் கோபம் ஏறவில்லை, கனிவும் ஏறவில்லை. வகுப்பில் பிள்ளைகளை அதட்டினால் அது அதட்டலாக ஒலிக்கவில்லை, பிள்ளைகள் அடங்கவில்லை. உள்ளே கோபம் இருந்தும் அதைக் குரலில் ஏற்ற வழியில்லாமல், 'நான் மெய்யாகவே சொல்கிறேன்' என்று வாக்கியத்தோடு சேர்த்துச் சொல்லிக்கொள்ளப் பழகினார். மாணவர்களாகிய உங்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். அவ்வாசிரியையின் நிலையில் நின்று எண்ணிப் பாருங்கள்.

இனி, லெலோங்கின் ஐந்தாவது சொல்லுக்கு வருகிறேன். தன் பெயர் என்பது மனிதனுக்கு ஏனைய சொற்களைப் போன்றதன்று. 1953 இல் காலின் செர்ரி என்ற ஆங்கிலேயர் ஒரு சோதனை செய்தார். ஒருவருடைய இரு செவிகளிலும் வெவ்வேறு பேச்சை ஒலிக்கச் செய்து, ஒரு செவியில் விழுவதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லும்படி கேட்டார். மற்றச் செவியில் என்ன பேசப்பட்டது என்று பின்னர் வினவினால் அவர்கள் ஏறக்குறைய ஒன்றுமே அறியவில்லை. மொழி மாறியதைக்கூடக் கவனிக்கவில்லை. 1959 இல் நெவில் மோரே இச்சோதனையைச் சிறிது மாற்றினார். கவனியாத செவியில் கேட்போரின் சொந்தப் பெயரை ஒலிக்கச் செய்தார். மூவரில் ஒருவர் அதைக் கேட்டுவிட்டனர்! கூட்டத்தின் இரைச்சலில் நம் பெயர் மட்டும் செவியில் விழுவது நாம் அனைவரும் கண்ட அனுபவமே. ஆனால் இரண்டு பங்கினர் தம் பெயரையும் தவறவிட்டனர் என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகின்றனர். நான் மறக்க விரும்பவில்லை.

பெயர் மட்டுமன்று, நம்மைப் பற்றியது என்று தோன்றும் எச்சொல்லும் ஆழப் பதிகிறது. 1977 இல் கனடா நாட்டு உளவியலார் ரோஜர்சும் அவர் தோழர்களும் குணங்களைக் குறிக்கும் சொற்களை மாணவர்க்குக் காட்டினர். சிலவற்றுக்கு 'எழுத்துப் பெரிதா?' என்றும், சிலவற்றுக்கு 'இச்சொல்லுக்கு அதே பொருளா?' என்றும், சிலவற்றுக்கு 'இச்சொல் உனக்குப் பொருந்துமா?' என்றும் கேட்டனர். பின்னர் எதிர்பாராத வகையில் சொற்களை நினைவுகூரச் சொன்னபோது, தமக்குப் பொருந்துமா என்று எண்ணிப் பார்த்த சொற்களே மிகுதியாக நினைவிலிருந்தன. 2002 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காந்தப் படக்கருவியின்கீழ் இத்தகைய சோதனையைச் செய்து, ஒருவர் தம்மைப் பற்றி எண்ணும்போது முன்மடல்களின் நடுப்பக்கம், அதாவது இரு பாதிகளும் ஒன்றையொன்று நோக்கும் பகுதி, சிறப்பாகத் தொழிற்படுவதைக் கண்டனர்.

உணர்ச்சிச் சொற்களை முன்னுக்கு இழுத்துக் கொடுப்பது அமிக்டலா என்னும் வாதுமைப் பருப்பு வடிவான சிறு பகுதி. திரையில் சொற்களை மிக விரைவாக ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், தேடச் சொன்ன முதற்சொல்லைப் பிடித்தவர் சற்றே பின் வரும் இரண்டாவதைத் தவறவிடுவார். அவ்விரண்டாவது சொல் உள்ளத்தைத் தைப்பதாயின் தவறவிடுவது குறைகிறது. அமிக்டலா சேதமுற்ற நோயாளிக்கோ கொடிய சொல்லும் சாதாரணச் சொல்லும் ஒன்றே. இரண்டும் ஒருபடித்தாய்த் தவறுகின்றன. ஆண்டர்சன், பெல்ப்ஸ் என்போர் 2001 இல் இதனை நிறுவினர்.

இரு மொழி கற்ற மாணவர்க்கு உகந்த ஒரு செய்தியையும் இங்கே கூறவேண்டும். துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, பின்னர் ஆங்கிலம் கற்றவர்களிடம் 2003 இல் வெளியான ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. உணர்ச்சி எழுந்தால் உள்ளங்கையும் விரல் நுனியும் நுண்ணிதாக வியர்க்கும். அவ்வியர்வையால் தோலில் மின்னோட்டம் செல்லும் திறன் மாறும். அதனைக் கருவியால் அளக்கலாம். தகாத சொற்கள் இரு மொழியிலும் தோலைச் சிலிர்ப்பித்தன. தாய்மொழியில் சிலிர்ப்பு மிகுதி. ஆனால் பெரிதும் வேறுபட்டவை குழந்தைகளைக் கடியும் சொற்கள். 'வெட்கமில்லையா உனக்கு?' என்பது போன்ற தொடரை ஆங்கிலத்தில் கேட்டபோது பெரிதாக ஒன்றும் நிகழவில்லை; தாய்மொழியில் கேட்டபோது கருவியின் முள் எழும்பிற்று. ஐந்து வயதில் அன்னையிடம் வாங்கிய கண்டிப்பை வளர்ந்தவரின் விரல் நுனிகள் மறக்கவில்லை. இதனை நான் நம் இல்லங்களிலும் காண்கிறேன். பணிமனையில் ஆங்கிலத்தில் வந்த கடுமொழியைத் துடைத்தெறிந்துவிட்டு வரும் பெரியவர், வீட்டில் தாயார் சொன்ன ஒரு தமிழ்ச் சொல்லுக்கு முகம் வாடி உட்கார்ந்துவிடுகிறார்.

லெபோர்னின் மூளையையும் லெலோங்கின் மூளையையும் பிரோக்கா அறுத்துச் சிதைக்காமல் முழுமையாகவே பாதுகாத்து வைத்தார். அவர் செய்த நன்மைகளுள் இது பெரிது. 2007 இல் நீனா டிராங்கர்ஸ் என்பவரும் அவர் தோழர்களும் அவ்விரு மூளைகளையும் காந்தப் படக்கருவியில் வைத்துப் பார்த்தனர். சேதம் மேற்பரப்பில் பிரோக்கா கண்ட இடத்தோடு நிற்கவில்லை. உள்ளே ஆழத்தில், பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகள் வரை சென்றிருந்தது. ஆகவே அச்சிறிய இடம் ஒன்றே பேச்சின் உறைவிடம் என்று சொல்லிக்கொண்டிருந்தது மிகையாயிற்று.

'தன்' என்ற அசையைப் பற்றியும் ஒரு செய்தி பிற்காலத்தில் வெளிவந்தது. லெபோர்ன் யார், எங்குப் பிறந்தவர் என்பது நூற்றைம்பது ஆண்டுகளாக எவருக்கும் தெரியாது; முதற்பெயர்கூட நூல்களில் இல்லை. கல்வியறிவற்ற ஏழை என்றே எண்ணினர். போலந்து நாட்டு வரலாற்றாளர் செசாரி டொமான்ஸ்கி பழைய பதிவேடுகளைத் துருவி, 2013 இல் அவர் வரலாற்றை வெளியிட்டார். அவர் முழுப்பெயர் லூயி விக்டர் லெபோர்ன். 1809 இல் மோரே என்ற ஊரில் பிறந்தவர். தந்தையார் பள்ளி ஆசிரியர். தோல் பதனிடுவதற்கு மரப்பட்டையை அரைத்துப் பொடியாக்கும் ஆலைகள் அவ்வூரில் இருந்தன. அப்பட்டைப் பொடிக்குப் பிரெஞ்சு மொழியில் 'தன்' என்று பெயர். தம் ஊரோடும் பிள்ளைப் பருவத்தோடும் பிணைந்த சொல்லையே அவர் இருபத்தோராண்டும் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம் என்பது டொமான்ஸ்கியின் ஊகம்.